மறு: முழங்காலுக்குப் பின்னுள்ள குழி – ‘மடிகுழி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முழங்காலுக்குப் பின்னுள்ள குழியைக் குறிக்கும் பாப்ளிட்டியல் ஃபோஸா என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. முழங்கால் பின்குழி, முழந்தாட்குழி, அப்புறம் ‘பாப்ளிட்டியல் என்றே எழுதிவிட்டால் என்ன’ என்பது. மூன்றாவதைப் பற்றி நான் பேசவில்லை. ஒலிபெயர்ப்பு போதுமென்றால் நாம் ஏன் இங்கே கூடியிருக்கிறோம்? முதல் இரண்டிலும் பிழை கிடையாது. ஆனால் இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தமனி, ஒரு சிரை, ஒரு தசை, சில நிணக்கணுக்கள், ஒரு நீர்க்கட்டி எல்லாம் வரிசையில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் இதுவே முன்னொட்டு. ‘முழங்கால் பின்குழித் தமனிப் புடைப்பு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாம் முறை அவர்கள் பாப்ளிட்டியலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

என் பரிந்துரை: மடிகுழி.

ஊறுகாய், சுடுசோறு மாதிரி இது வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. மிகுந்தால் மடிக்குழி ஆகி, குழந்தை உட்காரும் மடிக்குப் போய்விடும். பிழைதிருத்தி மென்பொருள்கள் இந்தக் ‘க்’கை நுழைக்கப் பார்க்கும், கவனம் தேவை.

சுருக்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காலை நேராக நீட்டி நிற்கும்போது அந்த இடத்தில் குழியே கிடையாது. மேலே போர்த்திய திசுப்படலம் விறைத்து நிற்க, உள்ளே இருக்கும் கொழுப்பு லேசாக வெளியே புடைத்துத் தெரியும். மடக்கினால்தான் படலம் தளர்ந்து பள்ளம் விழுகிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் நாற்காலியிலேயே சோதிக்கலாம். குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்பக்கமாக இழுப்பதுபோல அழுத்துங்கள். முழங்காலுக்குப் பின்னால் வெளிப்பக்கம் கயிறு போல ஒரு தசைநாண் எழும்பும், அது தொடையின் இருதலைத் தசையுடையது. உள்பக்கம் எழுபவை மற்ற இரண்டு பின்தொடைத் தசைகளின் நாண்கள். கீழே கெண்டைத்தசையின் இரு தலைகள். இவை நான்கு பக்கமும் சூழ்ந்த சாய்சதுரம்தான் நாம் பெயர் தேடும் இடம்.

அதற்குள் தோலிலிருந்து ஆழத்துக்குப் போனால் முதலில் டிபியல் நரம்பு, அடுத்து சிரை, எல்லாவற்றுக்கும் அடியில் எலும்பையும் மூட்டு உறையையும் ஒட்டித் தமனி. தமனி இவ்வளவு ஆழத்தில் கிடப்பதால்தான் அதன் துடிப்பைத் தொட்டு அறிவது மாணவிகளுக்குப் பெரும்பாடு. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, தசைகளைத் தளர்த்தச் சொல்ல வேண்டும். இரு கட்டைவிரல்களும் முன்னால் இருக்க, இரு கைகளின் விரல்நுனிகளும் பின்னால் நடுக்கோட்டில் ஆழமாக அழுத்த வேண்டும். நீட்டிய காலில் தேடினால் விறைத்த படலந்தான் கையில் தட்டுப்படும். ‘மடிகுழித் துடிப்பு’ என்று சொன்னாலே காலை மடக்கச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே வந்துவிடுகிறது. பின்குழி என்பதில் இது இல்லை.

குழியின் தரையில் கிடக்கும் பாப்ளிட்டியஸ் தசைக்கும் இதே பொருத்தம் உண்டு. நேராக நிற்கையில் பூட்டிக்கொள்ளும் முழங்கால் மூட்டை, மடக்கத் தொடங்கும் கணத்தில் திறந்துவிடுவது அதன் வேலை. மடிகுழித் தசை என்றால் இடமும் தொழிலும் சேர்ந்தே வந்துவிடும்.

இனி வந்த மறுப்புகளுக்கு.

> முழங்கை மடிப்பிலும் குழி இருக்கிறதே ஐயா/அம்மா, அதை என்ன செய்வது?

நியாயமான கேள்வி. இரத்தம் எடுப்பதே அங்கேதான். அதைக் கைம்மடிகுழி என்று வைத்துக்கொள்வோம். தனியாக மடிகுழி என்றால் கால். குழப்பம் வரும் இடத்தில் முதல் தடவை மட்டும் கால்மடிகுழி என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

> தமனி, சிரை என்டால் எங்கட பிள்ளைகளுக்கு விளங்காது. நாடி, நாளம் என்டே போடுங்கோ.

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் கற்பித்து, ‘அங்காதிபாதம்’ என்று உடற்கூற்றியலுக்குப் பெயர் வைத்த மரபு அவர்களுடையது. ஆனால் தமிழ்நாட்டில் நாடி என்றால் பிடித்துப் பார்ப்பது, அதாவது துடிப்பு. நாளம் என்றால் எந்தக் குழாயும். இரத்த நாளம் தமனியாகவும் இருக்கலாம், சிரையாகவும் இருக்கலாம், நாளமில்லாச் சுரப்பி என்பதும் அந்தப் பொருளில்தான். இருபுறமும் பாடநூல்கள் ஊன்றிவிட்டன. ஒன்றை ஒழிக்க முயல்வது வீண் வேலை. மடிகுழித் தமனி என்றும் மடிகுழி நாடி என்றும் இரண்டையும் பதிவு செய்வோம். முன்னொட்டு ஒன்றாக இருந்தாலே தேடுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

என்னை உண்மையில் உறுத்துவது ‘நரம்பு’. வார்டில் ‘ஊசி போட நரம்பே கிடைக்கலை’ என்கிறோம். அங்கே நரம்பு என்பது சிரை. வெரிகோஸ் வந்தால் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இப்போது மடிகுழியைப் பாருங்கள். கெண்டைக்காலின் பின்புறம் ஏறிவரும் சிறு சஃபீனஸ் சிரை பெரும்பாலும் இங்கேதான் படலத்தைத் துளைத்துக்கொண்டு மடிகுழிச் சிரையில் சேர்கிறது. கெண்டைக்காலில் அதை ஒட்டியே சூரல் நரம்பு ஓடுகிறது. அந்தச் சிரைக்கு அறுவை செய்யும்போது நரம்பு அடிபட்டால் பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகலாம். இதை நோயாளிக்கு விளக்கும் ஒப்புதல் படிவத்தில் ‘நரம்பு சுருளுக்கு அறுவை செய்யும்போது நரம்பு பாதிக்கப்படலாம்’ என்று எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். படித்தவர் என்ன புரிந்துகொண்டிருப்பார்? மக்கள் வழக்கை மாற்ற முடியாது. ஆனால் நம் பட்டியலில் சிரைச்சுருள் என்று வைத்து, நோயாளிக்கான தாளில் ‘இரத்தக்குழாய்’, ‘உணர்வு தரும் நரம்பு’ என்று பிரித்துச் சொல்லலாம்.

தமனிப் புடைப்புக்கு (தமனியின் சுவர் வலுவிழந்து வீங்குவது) பழைய கதை ஒன்றுண்டு. 1785இல் லண்டனில் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், மடிகுழித் தமனி புடைத்த ஒரு குதிரைவண்டி ஓட்டிக்கு, புடைப்பைத் தொடாமல் மேலே தொடையில் தமனியைக் கட்டினார். கால் பிழைத்தது. முழங்காலைச் சுற்றி மூட்டுக்குப் போகும் சிறு தமனிக் கிளைகள் பின்னிக்கிடக்கின்றன. மடிகுழித் தமனியிலிருந்தே அப்படி ஐந்து கிளைகள் பிரிகின்றன. புடைப்பு மெதுவாக வளர்ந்த காலத்தில் இந்தப் பின்னலும் விரிந்து இரத்தத்துக்கு மாற்றுவழி கொடுத்திருக்க வேண்டும். திடீர்க் காயத்தில் அந்த அவகாசம் கிடையாது. மேலே தொடைத்தசையின் துளையிலும் கீழே கெண்டையின் ஆழ்தசை வளைவிலும் தமனி கட்டுண்டு கிடப்பதால், முழங்கால் மூட்டு நழுவும் விபத்தில் அது இழுபட்டுக் கிழிகிறது. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க வீரர்களைப் பற்றி அறுவை மருத்துவர்கள் டெபேக்கியும் சிமியோனும் 1946இல் வெளியிட்ட கணக்கில், இத்தமனி காயம்பட்டவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் காலை இழந்திருக்கிறார்கள். இன்று தைத்து இணைக்க முடிகிறது, ஆனால் 6 மணி நேரத்துக்குள் இரத்தம் ஓடவேண்டும் என்பதே பொதுவான கணக்கு. பைக் விபத்தில் வருகிறவருக்குப் பாதத் துடிப்பைப் பார்க்காமல் மாவுக்கட்டுப் போடாதீர்கள் என்று நான் ஆண்டுதோறும் கத்துவது இதற்காகத்தான்.

முழங்காலுக்குப் பின்னால் நீர் கோத்து வீங்கும் பேக்கர் சிஸ்டை ‘மடிகுழி நீர்க்கட்டி’ ஆக்கிவிடலாம். 1877இல் அதை விவரித்த வில்லியம் மோரன்ட் பேக்கருக்கு உரிய மரியாதையைக் குறிப்பில் தரலாம். பேக்கரியில் வேலை செய்தால் வருமா என்று கேட்கும் நோயாளிகள் குறைவார்கள்.

மிச்சம் இருப்பது வெளிப்பக்க நரம்பு. சியாட்டிக் நரம்பு பிரிந்ததும், இருதலைத் தசையின் நாணை ஒட்டிக் கீழிறங்கி, ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றி, தோலுக்குச் சற்றே அடியில் போகிறது. இறுக்கமான கட்டு ஒன்று போதும், பாதம் தொங்கிவிடும். இதை பெரோனியல் என்று படித்தவர்கள் நாங்கள். 1998இன் உலக உடற்கூற்றியல் சொற்பட்டியல் ஃபிபுலார் என்பதை முன்னே வைத்தது, இரு தொடைகளுக்கு நடுவிலுள்ள பகுதியைக் குறிக்கும் பெரினியல் என்பதோடு குழம்புவதால். கிரேக்கப் பெரோனேயும் இலத்தீன் ஃபிபுலாவும் ஆடை குத்தும் ஊசியைத்தான் குறிக்கின்றன. அதற்காக ‘ஊசி நரம்பு’ என்று யாரும் கிளம்ப வேண்டாம், வார்டில் அது வேறொன்றாகிவிடும். பாடநூலில் ஃபிபுலாவுக்கு இங்கே கீழ்க்கால் வெளி எலும்பு, இலங்கையில் கணைக்கால் வெளியென்பு. ‘வெளிக்கணை நரம்பு’ என்று இரண்டையும் சுருக்கினால் கீழ்க்காலின் உள்பக்க எலும்பான டிபியாவின் பெயர் கொண்ட டிபியலை ‘உள்கணை நரம்பு’ ஆக்கலாம். இதில் எனக்கே முழு நிறைவில்லை, ‘உள்’ என்றதும் ஆழத்தில் இருப்பது என்று நினைப்பார்கள். மடிகுழியில் அதுதானே மேலாக இருக்கிறது! இலக்கணம் தெரிந்தவர்கள் இதைவிட நல்லது சொல்லுங்கள். மடிகுழிக்கு மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன், நரம்புகள் இரண்டையும் திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்.