சுமைதாங்கிக் கல்லை எடுத்துவிட்டு ரவுண்டானாவில் காளைச் சிலை வைப்பது சரியா?

கீழவீதிக்காரர் (புதுக்கோட்டை மாவட்டம்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரின் சந்தைச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஊர் எல்லையில், போன மாதம் வெட்டப்பட்ட புளியமரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு நீளக் கல்லைக் கிடத்தியிருக்கிறார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கையை எதிர்பாராமல் நின்றபடியே சுமையை இறக்கி வைக்கவும், இளைப்பாறிய பின் குனியாமல் மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். மேற்கல்லில் ஒரு பெண்ணின் பெயரும் அவர் கணவரின் பெயரும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டு இருந்த இடம் சிதைந்துவிட்டது.

வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே இறந்துபோன கர்ப்பிணிக்காக, வழிப்போக்கரின் சுமையையாவது இறக்கி வைக்கட்டும் என்று இப்படிக் கல் நடுவது நம் பக்கத்து வழக்கம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் ரவுண்டானா அமைத்து, ஃபைபரில் செய்த ஒரு காளைச் சிலையையும், இரவில் ஒளிரும் பெரிய எழுத்துகளில் ஊர்ப் பெயரையும் வைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். கல்லைப் பூங்காவின் மூலையில் போட்டுவிடலாம் என்கிறார் வேலை எடுத்தவர். ஊரில் பாதிப் பேருக்கு இதில் வருத்தமில்லை. அரசர்களுக்கும் தலைவர்களுக்கும் ஊர்தோறும் சிலை இருக்க, ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணின் பெயரைத் தாங்கி எங்கள் ஊரில் நிற்பது இந்த ஒரு கல்தான் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

தகடூரான் (தருமபுரி):

இறந்துபட்ட வீரர்களின் நினைவாக நட்ட எங்கள் மாவட்டத்து நடுகற்களின் கதையும் இதுவேதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் நின்ற நடுகற்கள் பலவற்றை எங்கள் மக்கள் வேடியப்பன் என்று கும்பிட்டு வந்தார்கள். அந்த வழிபாடு இருந்த இடங்களில் கல் பிழைத்தது. வழிபாடு நின்ற இடங்களில் வாய்க்கால் பாலமாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் போனது. அருங்காட்சியகத்துக்குச் சென்றவை பத்திரமாக இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால், எந்த ஆநிரைக்காக எந்த இடத்தில் அந்த வீரன் விழுந்தான் என்பதைக் கல்லோடு சேர்ந்து நிலமும் சொல்லிக்கொண்டிருந்ததே, அது அங்கே அறுந்துபோகிறது.

செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லை நினைத்துப் பாருங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில், மாடுகளை மீட்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தியோடு, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் கல்லில் எழுதி வைத்த மண்ணில், ஒரு பெண்ணின் பெயரைப் பூங்கா மூலையில் கவிழ்த்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

வேலை தொடங்கும் முன் முதலில் மைப்படி, அதாவது எழுத்தின்மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் படி, எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் ஆண்டும் மைப்படியில் தெரிய வாய்ப்புண்டு. நல்லெண்ணத்தில் யாரேனும் எனாமல் பெயின்ட் அடிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். கல் நூறாண்டைத் தாண்டியது என்று உறுதியானால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மனு எழுத இடமிருக்கிறது.

சந்தைக் கடைக்காரர்:

நான் வேறு பக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது. என் தாயார் கீரைக்கட்டைத் தலையில் சுமந்து சந்தைக்கு நடந்தவர், ஆகவே அந்தக் கல்லின் அருமை எனக்கும் தெரியும். ஆனால், வளைவில் பேருந்தும் இருசக்கர வாகனமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சாலை அகலமாகத்தான் வேண்டும். புதிதாக வரும் சிலையைக் குழந்தைகள் விரும்பிப் பார்ப்பார்கள். பழையதை நேசிப்பவர்கள் அதைத் தாழ்வாகப் பேச வேண்டியதில்லை. நம் காலத்து மக்களும் தங்களுக்குப் பிடித்த ஒன்றை ஊர் முகப்பில் வைத்துப் பார்க்க உரிமை உள்ளவர்கள்தாம்.

எனக்குள்ள குறை ஒன்றே. அய்யனாருக்கு மண்குதிரைகளைச் சுமந்து சென்று வைக்கும் புரவியெடுப்புத் திருவிழாவுக்குச் சுடுமண் குதிரை செய்யும் வேளார்கள் வாழும் மாவட்டம் இது. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் முப்பது அடிக்கு மேற்பட்ட குதிரைக்கு மாசிமகத்தன்று மக்கள் காகித மாலைகளைக் கொண்டுவந்து சாத்தும் காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட கை இங்கேயே இருக்கும்போது அச்சில் வார்த்த ஃபைபர் காளையை எங்கிருந்தோ வாங்கி வருவானேன்? ரவுண்டானாவில் நம் வேளார்கள் செய்த குதிரை நிற்கட்டும். சாலையோரத்தில் கல்லும் நிற்கட்டும்.

வடமராட்சி வாசகி (யாழ்ப்பாணம்):

எங்கள் பகுதியில் சுமைதாங்கி தனியே நிற்பது குறைவு. பக்கத்தில் கேணி அல்லது கிணறு, மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், ஆட்கள் தங்க மடம் என எல்லாம் ஒரு தொகுதியாகவே இருந்தன. பருத்தித்துறையில் வீதியே உள்ளால் ஊடறுத்துப் போகும் தெருமூடி மடம் இன்றும் இருக்கிறது. வீதி அகலிப்பின்போது இவற்றில் ஒன்றை மாத்திரம் தூக்கி வேறிடத்தில் வைத்தால், அது எதற்காக நின்றது என்பது அடுத்த தலைமுறைக்கு விளங்காது. ஆகவே உங்கள் கல்லுக்கு அருகில் பழைய தண்ணீர்ப் பந்தலோ கிணறோ இருந்ததா என்று முதியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்:

சாலை அகலமாவதும் கல் நிற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பெரும்பாலும் பத்து, பதினைந்து அடி பின்னுக்கு நகர்த்தினால் போதும். ஆனால், ஜே.சி.பி. வாளியால் நெம்ப விடாதீர்கள், மேற்கல் நடுவில் முறிந்துவிடும். நடுகாலின் கணிசமான பகுதி மண்ணுக்குள் இருக்கும் என்பதால், சுற்றிலும் கையால் தோண்டி, சாக்கு சுற்றி, முக்காலியில் சங்கிலிக் கப்பி கட்டித் தூக்க வேண்டும். தூக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, எந்தக் கால் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். வடிகாலுக்கு அப்பால், சாலையைப் பார்த்தபடி, முன்பிருந்த அதே உயரம் தரைக்கு மேல் தெரியுமாறு நட வேண்டும். சுற்றிலும் டைல்ஸ் பதித்து அழகுபடுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலோடு நெடுஞ்சாலைத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுப்பது. வடிகாலுக்குக் கான்கிரீட் போடும் முன்பே கொடுத்துவிடுங்கள். போட்ட பிறகு ஓரடி இடம்கூட மிஞ்சாது.

கீழவீதிக்காரர்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சந்தைக் கடைக்காரர் ஐயா சொன்னதை எங்கள் வார்டு உறுப்பினரிடம் அப்படியே சொன்னேன். வேளார்களிடம் குதிரைக்கு விலை கேட்டு வர அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மனு நாளை போகிறது. தண்ணீர்ப் பந்தலைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில், கல்லில் பெயருள்ள அம்மாவின் வழிவந்த ஒரு பாட்டி எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியே இருப்பது தெரியவந்தது. நகர்த்தி வைப்பதில் அவருக்கு மறுப்பில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் வரும் திசையைப் பார்த்தே கல் நிற்க வேண்டும், பூங்காவைப் பார்த்துத் திருப்பிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதையும் மனுவில் சேர்த்திருக்கிறேன்.