செமி ஆட்டோ துப்பாக்கியோடு வேட்டை: போனவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாலைப்பழம் (ஒன்ராறியோ, கனடா)

நவம்பர் பிறந்தால் எங்கள் வேலைத்தளத்தில் பாதிப்பேர் லீவு. மான் வேட்டைக் காலம். நானும் துவக்கு (துப்பாக்கி) வகுப்பு, வேட்டை வகுப்பு எல்லாம் முடித்து, செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் வாங்கி, அவர்களோடு வடக்கே போய் வருகிறேன். போன முறை வேட்டைக் காம்பில் (முகாமில்) இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமான சண்டை மூண்டது: செமி ஒட்டோவோடு (சுட்டதும் அடுத்த ரவை தானாக ஏறும் துவக்கு) மானுக்குப் போவதும் ஒரு வேட்டையா? உங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று அறியத்தான் இந்த இழை. கட்சி கட்ட வேண்டாம், கண்டதைச் சொல்லுங்கள்.

முதலில் நான். காம்பில் ஒரு பொடியன் மேசையில் ரவைகளைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தான். 7.62x39. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டை ரவையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சென்றியில் நின்ற ஆமிக்காரனின் ரி-56 துவக்குக்குள் போனதும் அதேதான். இவனிடம் இருந்தது எஸ்.கே.எஸ். சோவியத்காரன் சிமோனொவ் 1945இல் வடிவமைத்த பட்டாளத் துவக்கு. மரப்பிடி, பத்து ரவைக் கூடு. கனடாச் சட்டப்படி அந்தக் கூட்டை ஐந்துக்கு மேல் போகாதபடி ஆணி அடித்து அடைத்துத்தான் விற்பார்கள். அண்மைக்காலம் வரை சில நூறு டொலருக்கு வாங்கலாம். அதனால்தான் பொடியன்கள் கையில் அது.

அடுத்த நாள் காலை ஒரு பெட்டை மான் பற்றையை விட்டு வெளியே பாய்ந்தது. மூன்று வெடி, மூன்று விநாடிகூட இல்லை. மான் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் இலையில் இரத்தம், அதோடு பச்சையாக அரைத்த தழை. வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது, அது எங்காவது படுக்கும்வரை மணிக்கணக்கில் பொறுக்க வேண்டும். பொறுத்தோம். பின்னேரம் டோர்ச் வெளிச்சத்தில் இலை இலையாகப் பார்த்துப் போய் ஒரு தேவதாரு அடியில் கண்டுபிடித்தோம். இறைச்சியில் பாதி பழுது.

காம்புப் பெரியவர் ஏசவில்லை. “ஐந்து இருக்கிறது என்று தெரிந்தவன் முதலாவதை மதிக்க மாட்டான்” என்று மட்டும் சொன்னார்.

ஆனால் எங்களோடு வந்த ஒஜிப்வே முதற்குடி நண்பர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சிதான் குளிர்காலச் சாப்பாடு. மூஸ் ஒரு வெடியில் விழாமல் ஏரிக்குள் போய்ச் செத்தால், அரைத் தொன் எடையுள்ள மிருகத்தை ஐஸ் தண்ணீரிலிருந்து யார் இழுப்பது? குறி கலையாமல் உடனே இரண்டாவது வெடி வைக்க அவருக்கு செமி ஒட்டோ வேண்டும். மலிவு, குளிருக்கு இறுகாது, சகதியில் விழுந்தாலும் துடைத்துவிட்டுச் சுடலாம் என்றார்.

2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்ட பிறகு, மே 1ஆம் திகதி அரசு சுமார் 1500 வகைத் துவக்குகளைத் தடை செய்தது. அப்போது முதற்குடிகள் பக்கம் பெரிய சத்தம் இல்லை. 2022 நவம்பரில் சி-21 என்ற துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டமூலத்துக்குள் ஒரு திருத்தத்தைச் செருகி எஸ்.கே.எஸ்.இலும் கை வைத்தபோதுதான் கொதித்தார்கள். முதற்குடிகளின் பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஹொக்கி கோல்காப்பாளர் கேரி பிரைஸ் எதிர்ப்பாகத் துவக்கோடு படம் போட்டார். 2023 பெப்ரவரியில் திருத்தத்தை வாபஸ் வாங்கினார்கள்.

ஹாரிஸ்பர்க் வாசி (பென்சில்வேனியா)

அண்ணா, உங்க ஊர்ல அரசாங்கம் தடை பண்ண வந்தது, வேட்டைக்காரங்க எதிர்த்தாங்க. எங்க ஊர்ல நேர் தலைகீழ்.

பென்சில்வேனியாவில் செமி ஆட்டோ ரைபிளால் வேட்டையாடக் கூடாது என்பது 1907இலிருந்தே இருந்த சட்டம். 2016 நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் அதைத் தளர்த்தி, முடிவை வேட்டை ஆணையத்திடம் விட்டது. ஆணையமும் முதலில் மான் உட்பட எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னது. அப்புறம் வேட்டைக்காரர்களிடமே ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். மான், கரடி போன்ற பெரிய விலங்குகளுக்கு வேண்டாம் என்று 64 சதவீதம் பேர் சொல்லிவிட்டார்கள்! 2017இல் அணில், முயல் போன்ற சிறு பிராணிகளுக்கும் கொயோட்டி, நரி வகையறாவுக்கும் மட்டும், ஆறு ரவை வரம்போடு அனுமதி கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பக்கத்து வீட்டுத் தாத்தா வைத்திருப்பது ரெமிங்டன் 760. 1952இல் வந்த பம்ப் ரைபிள். இடது கையால் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த ரவை தயார். கொல்லைப்புறத்தில் வெறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எனக்குச் செய்து காட்டினார். சட்டக் சட்டக் சட்டக். கன்னம் பிடியை விட்டு நகரவே இல்லை. செமி ஆட்டோ கூடாது என்பதால்தான் இந்த ஊரில் அந்தத் துப்பாக்கி அவ்வளவு விற்றது. கேலியாக “ஆமிஷ் மெஷின்கன்” என்பார்கள் (ஆமிஷ் என்பவர்கள் நவீன எந்திரங்களை ஒதுக்கி வாழும் மதப்பிரிவினர்). அதை வைத்துக்கொண்டு அவரே செமி ஆட்டோ கூடவே கூடாது என்கிறார். காரணம் கேட்டால், மான் பருவம் திறக்கும் நாளில் காட்டில் லட்சக்கணக்கானோர் நிற்கும்போது, மரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவன் விரல் நிற்காமல் அழுத்துவான் என்ற பயம். பயம் நியாயமா என்று எனக்குச் சந்தேகம்தான். பம்பும் அதே வேகத்தில் கக்குகிறதே!

இன்னொன்று. ஏ.ஆர்-15 என்ற செமி ஆட்டோ ரைபிள் என்றால் மானைப் பொடியாக்கும் ராட்சசத் துப்பாக்கி என்று நம்மாட்கள் நினைக்கிறார்கள். அதில் வழக்கமாகப் போடும் .223 ரவை வர்ஜீனியாவில் மானுக்குச் செல்லாது, அங்கே குறைந்தபட்சம் .23 அங்குல விட்டம் வேண்டும். கொலராடோவில் .24. அதாவது போதாது என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

டெக்சஸ் தம்பி

அண்ணன்மாரே, மானை விடுங்க, பன்றிக்கு வாங்க.

ஆபீஸ் நண்பரோட மாமனார் பண்ணை. நிலக்கடலை வயல், மறுநாள் காலையில் பார்த்தா டிராக்டர் விட்டு உழுத மாதிரி கிடக்கு. ராத்திரி வெப்பத்தைக் காட்டுற தெர்மல் ஸ்கோப்போட உட்கார்ந்தோம். திரையில வெள்ளை வெள்ளையா ஒரு கூட்டமே வருது, தாயும் குட்டிகளுமா. முதல் வெடி விழுந்ததும் ஒண்ணு சாயுது, மத்ததெல்லாம் திசைக்கொண்ணா ஓடுது. அந்த அஞ்சாறு நொடியில எத்தனை விழுதோ அவ்வளவுதான் அன்னிக்குக் கணக்கு. அங்க ஒவ்வொரு வெடிக்கும் கையால தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளுற போல்ட் ஆக்‌ஷனை வச்சுக்கிட்டு என்ன செய்ய? எல்லார் கையிலயும் ஏ.ஆர். தான், .300 பிளாக்கவுட், .308 அப்படின்னு பெரிய ரவையா போட்டு.

இங்க பன்றிக்கு சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது. 2011 சட்டப்படி ஹெலிகாப்டர்ல இருந்துகூட சுடலாம். 2019 செப்டம்பர்ல இருந்து தனியார் நிலத்துல சுட வேட்டை லைசென்ஸே வேண்டாம். அதே 2019 ஆகஸ்ட்ல ஒருத்தர், குழந்தைங்க விளையாடுற முற்றத்துக்கு 30-50 காட்டுப்பன்றி வந்தா இந்த மாதிரித் துப்பாக்கி இல்லாம நான் என்ன பண்றதுன்னு ட்விட்டர்ல கேட்டு ஊரே சிரிச்சுதே, ஞாபகம் இருக்கா? இங்க எல் பாசோ ஊர்ல கூட்டத்தைச் சுட்டுக் கொன்ன சம்பவம் நடந்து மறுநாள் கேட்டதால அவரை வறுத்தெடுத்துட்டாங்க. நேரம் தப்பு. ஆனா பன்றி பொய் இல்ல.

ஹாரிஸ்பர்க் வாசி

தம்பி, மிசௌரி காட்டிலாகா என்ன செய்தது தெரியுமா? 2016இல் தன் நிலங்களில் பன்றி வேட்டையையே நிறுத்திவிட்டது. சுட்டால் இரண்டு மூன்று சாகும், மிச்சம் சிதறிப் புது இடத்தில் பெருகும் என்று காரணம். பெரிய பட்டி மாதிரிப் பொறி வைத்து மொத்தக் கூட்டத்தையும் உள்ளே விட்டு மூடுகிறார்கள்.

டெக்சஸ் தம்பி

பொறி நல்லதுதான் அண்ணா, மாமனாரும் வச்சிருக்கார். ஒரு தடவை தப்பிச்ச பன்றி மறுபடி அது பக்கமே வராது. அந்த மிச்சத்துக்குத்தான் நாங்க.

தென்கோடித் தமிழன் (நியூசிலாந்து)

நான் சுடுவதில்லை, ஆனால் என்னோடு வேலை செய்பவர் பரம்பரை வேட்டைக்காரர். வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் சொந்தமாக இல்லாத நாடு இது. மான், ஆடு, முயல் எல்லாம் வந்தேறிகள். நம்ம நீலகிரி வரையாட்டின் தூரத்து உறவான இமயமலைத் தார் ஆடுகூட 1904இல் கொண்டுவந்து விடப்பட்டதுதான். எனவே இங்கே சுடுவதை யாரும் பாவம் என்று பார்ப்பதில்லை, காட்டைக் காப்பாற்றுகிற வேலையாகவே பார்க்கிறார்கள்.

2019 மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற கணக்கில் பெரும்பாலான செமி ஆட்டோக்களைத் தடை செய்தது. நண்பர் தன் துப்பாக்கியைக் கொடுக்கப் போனபோது நானும் உடன் போனேன். வரிசையில் நின்றவர்கள் யாரும் கோஷம் போடவில்லை. உறையைத் திறந்து மேசையில் வைத்தார், போலீஸ்காரர் எண்ணைச் சரிபார்த்தார், இழப்பீட்டுப் பணத்துக்கு நண்பர் வங்கிக் கணக்கு விவரம் எழுதிக்கொடுத்தார், அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் கோபம் வந்தது, சட்டத்தின் மேல் அல்ல. “அவன் செய்ததற்கு என் மான் துப்பாக்கி ஏன் பதில் சொல்லணும்?” என்றார். அடுத்த வாரமே போல்ட் ஆக்‌ஷன் வாங்கிவிட்டார். மானுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். ஆட்டு மந்தையை அழிக்கப் போகும்போதுதான் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது என்கிறார்.

முயல் சுடுபவர்களுக்குப் பத்து ரவை வரை பிடிக்கும் .22 ரிம்ஃபயர் என்ற சிறு ரவைத் துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. தொல்லை தரும் விலங்குகளை ஒழிப்பதைத் தொழிலாகவே செய்பவர்கள் தனி அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

பவானிக்கரை

இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை என்பதால் சும்மா வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கரும்பையும் மரவள்ளியையும் பன்றி தோண்டும் அழகைப் பார்த்தால் டெக்சஸ் தம்பி மேல் பொறாமை வருகிறது. பாலைப்பழம் அண்ணே, நீங்கள் எந்தப் பக்கம்? கடைசிவரை சொல்லவே இல்லையே.

பாலைப்பழம்

சொல்கிறேன் தம்பி.

என் அப்பப்பா பன்றிக்குப் போனது இடியன் துவக்கோடு. குழலுக்குள் மருந்து போட்டு, தும்பு அடைத்து, குண்டு போட்டு, மறுபடி தும்பு வைத்து இடிக்க வேண்டும். தவறினால் அடுத்ததை இடித்து முடிக்கும்போது பன்றி அடுத்த ஊரில் நிற்கும். அதுதான் உயர்ந்த வேட்டை என்று நான் சொல்ல மாட்டேன். காயத்தோடு போன பன்றிகளும் எத்தனையோ.

ஹாரிஸ்பர்க் தாத்தாவின் பம்பும் என் காம்புப் பொடியனின் எஸ்.கே.எஸ்.உம் மானுக்குச் செய்வது ஒன்றுதான். ஆகவே எந்திரத்தை வைத்து இது வேட்டை, அது வேட்டையில்லை என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் டெக்சஸ் தம்பி செய்வது பயிர்க்காவல். அங்கே எத்தனை சாகிறது என்பதுதான் கேள்வி, அதற்கு வேகம் வேண்டும். எங்களுக்கு வருடத்துக்கு ஒரு மானுக்கான அனுமதி அட்டை. ஒரு மிருகம், ஒரு தரம், இறைச்சி பழுதாகாமல். அதற்கு ஐந்து ரவையே தாராளம். இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் திணிக்கப் போனதில்தான் ஒட்டாவாவிலும் தடுமாறினார்கள் என்று நினைக்கிறேன். நியூசிலாந்துக்காரர் தொழில் ஒழிப்புக்காரரைத் தனியாகப் பிரித்தது எனக்குப் புத்தியாகப் படுகிறது. ஒஜிப்வே நண்பர் போன்றவர்களுக்கும் அப்படி ஒரு தனி வழி வேண்டும். அவருடைய மூஸ், என் பொழுதுபோக்கு மான் அல்ல.

நான் கொண்டுபோவது போல்ட் அக்சன் .308. பொடியனுக்கு எஸ்.கே.எஸ்.ஐ விற்கச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இலக்குப் பலகையில் நூறு யார் (கெஜம்) தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் ஐந்தையும் வைத்துக் காட்டினால்தான் வரும் நவம்பரில் காம்புக்குள் விடுவேன் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். பயிற்சிக்குப் போகிறானாம்.