மூன்று செட்டாப் பாக்ஸ், இரண்டு ரவுட்டர்: எங்கே சரி செய்வது?

கீழக்கரை வாசி:
எங்கள் வீடு பழைய முருகைக்கல் வீடு, சுவரெல்லாம் ஒரு முழத்துக்கு மேல் கனம். ஃபைபர் பெட்டி கீழே கூடத்தில் இருக்கிறது, வைஃபையும் அதிலேயே. மாடிக்குச் சிக்னல் ஏறாததால் காக்கா (அண்ணன்) போன லீவில் துபாயிலிருந்து ஒரு ரவுட்டர் கொண்டுவந்து கேபிள் இழுத்து மாட்டிவிட்டுப் போனார். கூடத்தில் ஒன்று, உம்மா அறையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று மூன்று ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸ். பிளான் 100 எம்பிபிஎஸ். இரவு ஒன்பது மணிக்கு மேல் உம்மா அறை டிவி சுற்றிக்கொண்டே நிற்கிறது, கூடத்தில் இருந்து போனில் மாடி டிவிக்குப் படம் அனுப்பப் பார்த்தால் அந்தப் பெட்டி லிஸ்ட்டிலேயே வருவதில்லை. இன்னொன்று, பிள்ளைகள் பத்து மணிக்கு மேல் பார்க்கக்கூடாது என்று கூடத்துப் பெட்டிக்கு ஃபைபர் பெட்டியில் நேரக்கட்டுப்பாடு வைத்தேன், கரண்ட் போய் வந்ததும் அந்தத் தடை உம்மா டிவி மேல் போய் விழுகிறது. அவர் தூக்கம் வராமல் பார்ப்பதே அந்த நேரத்தில்தான், பாவம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் கேபிள்:
பாய், முதலில் ஒன்று. பெரிய பிளானுக்கு மாறச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே என்றால் 15 இருந்தால் போதும், மூன்று டிவியும் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் பாதிக்கு மேல் மிஞ்சும். சந்தேகமிருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு லேப்டாப்பை ஃபைபர் பெட்டியில் கேபிளில் மாட்டி ஸ்பீடு பாருங்கள். அங்கே முழுசாக வந்தால் கோளாறு வீட்டுக்குள்தான்.

மாடி ரவுட்டரில் கேபிள் ‘வான்’ (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் செருகியிருக்கும், பாருங்கள். அப்படி இருந்தால் அது மாடிக்கென்று தனி நெட்வொர்க் போட்டுக்கொள்ளும். உங்கள் போன் ஒரு நெட்வொர்க்கில், மாடிப் பெட்டி இன்னொன்றில், அப்புறம் எப்படி லிஸ்ட்டில் வரும்? மெனுவில் தனி நெட்வொர்க் போடாமல் வைஃபையை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ மோட் இருந்தால் அதைப் போட்டாலே முடிந்தது. இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வேலையை) நிறுத்தி, சேவ் செய்த பிறகு கேபிளை லேன் (LAN, வீட்டுக்குள் இணைப்பதற்கான) போர்ட்டுக்கு மாற்றுங்கள். இது ஃபைபர் பெட்டி 192.168.1.1 ஆக இருக்கும்போதுதான். அதன் டிஎச்சிபி வரம்பையும் 100 முதல் 200 வரை என்று வைத்துவிடுங்கள், அந்த 1.2 வேறு யாருக்கும் போகாது.

தடை ஆள் மாறுவதற்குக் காரணம் அது ஐபி முகவரியில், அதாவது ஃபைபர் பெட்டி பங்கிட்டுத் தரும் எண்ணில், வைத்த தடை. கரண்ட் போய் வந்ததும் யார் முந்திக் கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்த முகவரி போய்விடுகிறது. மேக் அட்ரஸில் வையுங்கள், அது கருவிக்கென்றே உள்ள சொந்த எண். பெட்டியின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தில் அது இருக்கும், வைஃபைக்கு ஒன்று, லேன் கேபிளுக்கு வேறொன்று, எதில் ஓடுகிறதோ அதைக் குறியுங்கள். பிள்ளைகளின் போனுக்கும் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதில் ‘ரேண்டம் மேக்’கை நம் வீட்டு வைஃபைக்கு மட்டும் நிறுத்த வேண்டும், புதிய போன்கள் பொய் அட்ரஸ்தான் காட்டும்.

மண்டபம் லைன்:
உம்மா அறைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. முருகைக்கல் சுவரைத் தாண்டி வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஏறாது தம்பி, அந்தப் பெட்டி 2.4-இல்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்பது மணிக்குத் தெருவே 2.4-இல் இருக்கும். 1, 6, 11 இந்த மூன்றில் எது காலியோ அந்தச் சேனலை வைத்து, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போட்டால் கொஞ்சம் தேறும். ஆனால் டிவி இடம் மாறாத சாமான், அதற்குக் கேபிள் இழுப்பதுதான் முறை. செப்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தில் செப்பு பூசியது நம் உப்புக்காற்றுக்குத் தாங்காது.

ஏற்கெனவே மாடிக்குப் போகிற கேபிளையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். கடல் பக்கத்து ஜன்னல் வழியாகப் போயிருந்தால் பிளக்கின் எட்டு முனையிலும் பச்சை பூத்திருக்க வாய்ப்பு உண்டு. துடைத்து மாட்டுவதில் பிரயோஜனமில்லை, இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புது பிளக் அடிக்க வேண்டும். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அந்த போர்ட் 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் பிளக்கோ கேபிளோ போய்விட்டது.

கீழக்கரை வாசி:
ஆக்சஸ் பாயிண்ட் மோட் இருந்தது, போட்டதும் மாடிப் பெட்டி லிஸ்ட்டில் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. மேக்கில் தடையும் வைத்துவிட்டேன். கேபிள்காரரை வரச்சொல்லியிருக்கிறேன். கூடத்துப் பெட்டி ஃபைபர் கம்பெனியே கொடுத்தது, சேனல்கள் அதில்தான் வருகின்றன. அதை எந்த போர்ட்டில் வேண்டுமானாலும் மாட்டலாமா?

பாம்பன் கேபிள்:
அதை மட்டும் தொடாதீர்கள். கம்பெனி கொடுக்கும் பெட்டிக்குச் சில இடங்களில் ஒரு லேன் போர்ட்டைத் தனி விலேனில் (ஒரே கேபிளுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில்) ஒதுக்கியிருப்பார்கள், மாற்றினால் சேனல் வராது. அப்புறம், எதைச் சரி செய்யப் போனாலும் ஃபைபர் பெட்டியின் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டாம். லாகின் பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண் எல்லாம் அழிந்துபோகும், லைன்மேன் வரும்வரை வீட்டில் ஒன்றும் ஓடாது. அவை இருக்கும் செட்டிங்ஸ் பக்கத்தை இப்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.