பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ், சர்வதேச உறவுகள்: சென்னையில் எங்கே, எப்படிப் படிப்பது?

பெரம்பூர் பையன்:
வணக்கம். பிளஸ் டூ படிக்கிறேன், காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம். பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் சேரணும்னு ஆசை, அதிலும் வெளியுறவு பக்கம். கோர்ஸ் பெயரிலேயே 'இன்டர்நேஷனல்' இருக்கணுமா? டெல்லிக்கு முயற்சி பண்ணணும்னா எப்போ ஆரம்பிக்கணும்? தினமும் பேப்பர் விடாமல் படிக்கிறேன், அது போதுமா? வீட்டில் பி.காம். போகச் சொல்றாங்க. அதனால இதுக்கப்புறம் என்ன வழி இருக்குன்னும் சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

சேப்பாக்கம்வாசி:
தம்பி, கோர்ஸ் பெயரை விடு, சிலபஸை எடுத்துப் பார். ஆறு செமஸ்டர் பேப்பர் பட்டியலும் கல்லூரி இணையதளத்திலேயே கிடைக்கும். அரசியல் சிந்தனை, இந்திய அரசமைப்பு, ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், ஆய்வு முறை ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று தேடு. முதல் நான்கும் எங்கும் இருக்கும், ஆய்வு முறையைத்தான் பல இடங்களில் ஒப்புக்கு வைத்திருப்பார்கள். 'ஜியோபாலிடிக்ஸ்', 'டிப்ளமசி' என்று கவர்ச்சியான பேப்பர்கள் வரிசையாக இருந்து ஆய்வு முறைக்கு ஒன்றுகூட இல்லாத கோர்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். எம்.ஏ.வில் ஆய்வேடு எழுத உட்காரும்போது அந்தப் பள்ளம் தெரியும்.

மெரினா எதிரே மாநிலக் கல்லூரியிலும் தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியிலும் இந்தப் பட்டம் உண்டு. அரசுக் கல்லூரிக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ என்ற அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மொழிப்பாடங்கள் போக மீதி நான்கு பாட மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள், காமர்ஸ் குரூப் என்பது தடையே இல்லை. தனியார், தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனித்தனி விண்ணப்பம். தமிழ் மீடியம் பிரிவு இருக்கிறதா என்பதைச் சேருமுன் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்.

டெல்லி என்றால் சியூஇடி, அதாவது மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதே, அதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிப்பார்கள். கேள்விகள் என்சிஇஆர்டி (சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிற நூல்) பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருவதால் நம் மாநிலப் பாடநூலை மட்டும் நம்பிப் போகிற பிள்ளைகள் பாதியில் திணறுகிறார்கள். எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். முதலில் அதைப் பார், பிறகு விண்ணப்பத்தை நிரப்பு.

ஒப்பந்த வாசகன்:
பேப்பர் படிப்பது நல்லது, ஆனால் போதாது தம்பி. செய்தி படித்துவிட்டு அது பேசுகிற ஆவணத்தையும் எடுத்துப் படிக்கிற பழக்கம் வந்தால்தான் இந்தப் படிப்பு பிடிபடும். நமக்கு நன்றாகத் தெரிந்ததாக நினைக்கிற கச்சத்தீவையே எடுத்துக்கொள்.

இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 ஜூன் ஒப்பந்தம் மொத்தமே சில பக்கங்கள்தான். பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை எல்லை போடுகிறது. அதன் 5-ஆம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதற்கு இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. 6-ஆம் பிரிவு இரு நாட்டுப் படகுகளுக்கும் மற்றவர் கடலில் மரபாக இருந்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. அடுத்தது 1976 மார்ச் ஒப்பந்தம். அது மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை போடுகிறது. ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்ற வரி இந்த இரண்டு ஒப்பந்தங்களிலும் கிடையாது. அது 1976-ல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் இருக்கிறது. அந்தக் கடிதங்கள் 1974 எல்லைக்கும் பொருந்துமா, 6-ஆம் பிரிவில் சொன்ன உரிமையில் மீன்பிடிப்பும் அடங்குமா என்பதில்தான் இன்றுவரை வாதம் ஓடுகிறது.

இந்த மூன்றையும் படிக்காதவர், '1974-ல் தீவோடு மீன்பிடி உரிமையும் போயிற்று' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். படித்தவருக்கு எந்த ஆண்டு, எந்தக் கடல், எந்தப் பிரிவு என்று பிரித்து எழுத வரும். விடைத்தாளில் மதிப்பெண் இங்கேதான் பிரிகிறது. வெளியுறவு அமைச்சகத் தளத்தில் ஒப்பந்தங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

படிக்கும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் நோட்டில் நான்கு கட்டம் போடு: யாரைக் கட்டுப்படுத்துகிறது, எந்த இடத்துக்கு, எப்போதிலிருந்து, விலக்கு என்ன. நான்காவது காலியாக இருந்தால் மறுபடி படி. விலக்கைத்தான் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தையும் இப்படியே படித்துப் பார். திருகோணமலைத் துறைமுகம் பற்றிய உறுதிமொழி ஒப்பந்தத்தின் உடலில் இருக்காது, இணைத்த கடிதங்களில் இருக்கும்.

பெரம்பூர் பையன்:
ரொம்ப நன்றிங்க. ஆனா இதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே, எனக்கு அவ்வளவு வேகமா படிக்க வராது. ஆய்வு முறைன்னு சொன்னீங்களே, அதுக்கு கணக்கு தெரியணுமா?

படிவம் இருபது:
இங்கிலீஷுக்கு அவசரப்படாதீங்க தம்பி. முதலில் பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசியல் அறிவியல் பாடநூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டுமே இணையத்தில் இலவசம். கலைச்சொற்கள் இரண்டு மொழியிலும் பழகிவிட்டால் பிறகு ஆவணம் படிப்பது அவ்வளவு கடினமில்லை. புத்தகத்துக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா இரண்டும் இருக்கின்றன. கன்னிமாராவுக்கு இந்தியாவில் வெளியாகும் புத்தகங்கள் சட்டப்படி வந்து சேர்கின்றன, பழைய தமிழ் அரசியல் நூல்களை முதலில் அங்கே தேடுங்கள்.

கணக்கு என்றால் சதவீதம், சராசரி, எக்செல். இவ்வளவில் தொடங்கலாம். சென்னை மாவட்டத்தின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் படிவம் 20 என்ற முடிவுத் தாள் கிடைக்கும். வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த வாக்கு, நோட்டா, மொத்தம் எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான், அதனால் எண்களைக் கையால் ஏற்றவேண்டி வரலாம். ஏற்றி முடித்ததும் சாவடிகளின் கூட்டுத்தொகை கடைசிப் பக்க மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தபால் வாக்கு தனி வரியில் வரும், அதை விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும்.

இதில் பெரிய தப்பு எங்கே நடக்கும் தெரியுமா? 2016-ன் 112-ஆம் சாவடியையும் 2021-ன் 112-ஆம் சாவடியையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுவது. கொரோனா காரணமாக 2021-ல் வாக்காளர் அதிகமான சாவடிகளைப் பிரித்தார்கள், எண் ஒன்றாக இருந்தாலும் தெருக்கள் வேறாக இருக்கலாம். எந்தச் சாவடியில் எந்தத் தெரு என்பதை வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

சேப்பாக்கம்வாசி:
வீட்டில் கேட்டால் சொல்ல: எந்தப் பட்டம் இருந்தாலும் யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதலாம். யுபிஎஸ்சி மெயினில் 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' என்ற விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், தலா 250. உன் மூன்று வருடப் படிப்பு அங்கே நேரடியாக உதவும். மூன்றாண்டு சட்டப் படிப்பும் இருக்கிறது. எம்.ஏ.வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், பாண்டிச்சேரி, ஜேஎன்யு. டிகிரி முடித்ததும் 25 வயதுக்குள் இருந்தால் நாடாளுமன்ற வேலைகளை ஆராயும் பிஆர்எஸ் அமைப்பின் லாம்ப் என்ற உதவியாளர் திட்டத்தில் ஓர் எம்.பி.யோடு வேலை செய்யலாம், கட்டாயம் முயன்று பார்.

வெளியுறவு பக்கம்தான் என்று உறுதியாக இருந்தால் முதல் செமஸ்டரிலேயே ஒரு வெளிநாட்டு மொழி தொடங்கிவிடு. முதல் இரண்டு வருடம் தமிழ், ஆங்கிலப் பேப்பர்களும் சேர்ந்து வருவதால் மெயின் பேப்பர் குறைவு, நேரம் கிடைக்கும். பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் நுங்கம்பாக்கத்திலேயே மையங்கள் உண்டு. ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்துவிட்டு நிறுத்துவதால் பயனில்லை, நான்காவது நிலையான பி2 வரை போனால்தான் அந்த மொழிச் செய்தியைத் தானே படிக்க முடியும். கட்டணத்தையும் வகுப்பு நேரத்தையும் கல்லூரி ஷிஃப்ட் தெரிந்த பிறகு விசாரி. காலை ஷிஃப்ட் கிடைத்தால் மாலை பேட்ச் வசதி.