மகன் பையில் வேப் (மின்சிகரெட்) இருந்தது, உதவி கேட்டால் குற்றமாகப் பதிவாகிவிடுமா?

செங்காங்_அம்மா:
மகன் உயர்நிலை மூன்று. பையைத் துவைக்க எடுத்தபோது பேனா மாதிரி ஒன்று கிடைத்தது, மாம்பழ வாசனை. கேட்டால் கூட்டாளியுடையது, வைத்திருக்கச் சொன்னான் என்கிறான். தூக்கிப் போட்டுவிட்டு இதோடு விடலாமா? உதவி கேட்கப் போய், அபராதம் பதிவு என்று வந்து, பின்னால் பாலிடெக்னிக் சேரும்போது இடிக்குமோ என்று பயம். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

ஜூரோங்_தம்பி:
அக்கா, கூட்டாளியுடையதாகவே இருக்கட்டும், சட்டத்துக்கு அது பதில் இல்லை. 2018 பிப்ரவரியிலிருந்து இங்கே சிங்கப்பூரில் வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் முதல் 18 வயதுக்குக் கீழே என்றால் முதல் தடவைக்கே 500 வெள்ளி (டாலர்) அபராதம், பெரியவர்களுக்கு 700. பள்ளியில் பிடிபட்டால் விஷயம் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத்தான் போகும். ஆனால் பிடிபடும் முன் நீங்களாக, வேப்பை விட உதவுகிற குவிட்வேப் திட்டத்துக்குப் போனால் அபராதமும் இல்லை, குற்றமாகப் பதியவும் மாட்டார்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள்.

கோப்பிக்கடை_அங்கிள்:
சிகரெட்டை மட்டும் கடையில் விற்கலாமாம்! வாங்குகிற வயதை 19, 20 என்று ஏற்றி 2021இல் 21 ஆக்கினார்கள், 2020இல் பெட்டியின் நிறத்தையும் சின்னத்தையும் எடுத்தார்கள், முழுசாக நிறுத்த மட்டும் மனசு வரவில்லை.

வார்டு_தாதி:
அங்கிள், அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு. அக்கா, உள்ளே நிக்கோட்டின்தானா என்பதுதான் எனக்குக் கவலை, முகர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது. கேபாட் என்று பிள்ளைகள் சொல்கிற வேப்பில் எட்டோமிடேட் இருக்கும். மருத்துவமனையில் மயக்கம் கொடுக்க, டாக்டர் பக்கத்திலேயே நின்று ஊசியில் ஏற்றுகிற மருந்து அது, எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாமல் இழுக்கிற சாமான் இல்லை. தள்ளாட்டம், வாய் குழறல், கைகால் வெட்டி இழுத்தல், கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்த்தல், இதில் எதையாவது கவனித்தீர்களா? 2025 செப்டம்பரில் அதை ‘சி’ பிரிவு போதைப்பொருளாக்கினார்கள், விநியோகிப்பவருக்கு 2 முதல் 10 ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு என்று அப்போது அறிவித்தார்கள். அதனால் கத்தாமல், யார் கொடுத்தது, எத்தனை நாளாக என்று கேளுங்கள். கத்தினால் வாயே திறக்க மாட்டான்.

செங்காங்_அம்மா:
தள்ளாட்டமெல்லாம் இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகக் குளியலறையில் ரொம்ப நேரம் இருக்கிறான், ஜன்னலையும் திறந்து வைக்கிறான். சரி, காலையில் கூப்பிடுகிறேன். அந்தக் கூட்டாளியின் அம்மாவை எனக்குத் தெரியும், சொல்வதா வேண்டாமா?

ஜூரோங்_தம்பி:
சொல்லுங்கள் அக்கா. கோபப்படுவார்கள், பரவாயில்லை. தானாகப் போனால் அந்தப் பையனுக்கும் அபராதம் கிடையாது.