டிரங்குப் பெட்டியில் கிடைத்த படம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

அத்தை: (படம்) அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அடியில் கிடந்தது. பின்பக்கம் மையில் 'டூனிஸ், மே 43' என்று அவர் கையெழுத்து. இடது ஓரத்தில் நிற்பது அப்பாதான். திதிக்கு முன்னால் பெரிதாக்கிச் சட்டம் போடப் போகிறேன்.

மாமா: நடுவில், தொப்பி மேல் தூசிக் கண்ணாடி மாட்டியிருப்பவர் இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் தளபதி ரோமல் மாதிரியே இருக்கிறாரே! மாமனார் சொல்லவே இல்லையே!

அத்தை: அப்படியானால் கீழே 'ரோமலுடன்' என்று எழுதச் சொல்லிவிடவா? கடைக்காரர் மாலைக்குள் கேட்டிருக்கிறார்.

நான்: அத்தை, அவசரப்பட வேண்டாம். அது ரோமல் இல்லை. டூனிஸ் இருப்பது வட ஆப்பிரிக்காவில். ரோமல் 1943 மார்ச் 9 அன்றே ஆப்பிரிக்காவை விட்டுப் போனவர், அப்புறம் திரும்பவே இல்லை. மே 12 அன்று சரணடைந்த ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம். அதுவும் தாத்தா இருந்த அதே 4வது இந்தியன் டிவிஷனிடம்.

மாமா: தேதியைப் பல வருடம் கழித்து ஞாபகத்தில் எழுதியிருந்தால்?

நான்: சரி, தேதியை ஓரமாக வைத்துவிட்டு ஆளை மட்டும் பார்ப்போம். கழுத்தில் ஒன்றுமே இல்லை. ரோமல் முதல் உலகப்போரில் வாங்கிய நீலச் சிலுவைப் பதக்கத்தையும் நைட்ஸ் கிராஸ் பதக்கத்தையும் கழுத்தில்தான் போட்டிருப்பார். அடுத்தது தோள்பட்டை. 1942 ஜூனில் லிபியாவின் டோப்ருக் கோட்டை விழுந்ததும் அவர் ஃபீல்டு மார்ஷல். அந்தப் பதவிக்குத் தங்கமும் வெள்ளியும் சேர்த்துப் பின்னிய பட்டை, அதன் மேல் குறுக்காக இரண்டு கோல். நம் படத்தில் வெள்ளிக் கயிறு பின்னாமல் நேராக ஓடுகிறது, மேலே இரண்டு நட்சத்திரம். முகமும் முப்பதைத் தாண்டாத முகம். ரோமலுக்கு அப்போது 51 வயது. தூசிக் கண்ணாடி பாலைவனத்தில் யார் வேண்டுமானாலும் போட்டதுதான்.

பெரியப்பா: இரண்டு ஸ்டார் என்றால் லெப்டினன்ட்தானே?

நான்: நம் ராணுவத்தில் அப்படித்தான் பெரியப்பா. ஜெர்மன்காரர்களிடம் லெப்டினன்ட்டுக்கு நட்சத்திரமே கிடையாது. ஒன்று இருந்தால் ஓபர்லாய்ட்னன்ட், இரண்டு இருந்தால் ஹாப்ட்மான், அதாவது கேப்டன். மேஜரிலிருந்து கயிறு ஜடை மாதிரி பின்னியிருக்கும், அங்கே நட்சத்திரக் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும்.

தம்பி: அண்ணா, பெரிதாக்கிப் பார்த்தேன். காலர் மடிப்பில் மண்டை ஓடு குத்தியிருக்கிறார்! ஹிட்லர் கட்சியின் எஸ்எஸ் படை ஆளா?

அத்தை: ஐயோ, அப்படியானால் அந்தப் படத்தை வீட்டில் மாட்டவே மாட்டேன்.

நான்: இல்லை அத்தை. இதில் ரொம்பப் பேர் தடுமாறுவார்கள். எஸ்எஸ்காரர்களுக்கு மண்டை ஓடு தொப்பியில் இருக்கும். காலரில் இருந்தால் பெரும்பாலும் ராணுவத்தின் டாங்க் படை. பழைய பிரஷ்யக் குதிரைப்படையிலிருந்து வந்த சின்னம் அது. டாங்க் ஆட்களின் கறுப்புச் சீருடைக் காலரில் இருந்ததைக் கழற்றி, பாலைவனத்துக் காக்கிச் சட்டையிலும் குத்திக்கொண்டார்கள். வட ஆப்பிரிக்காவில் எஸ்எஸ் டிவிஷன் எதுவும் சண்டையிடவும் இல்லை. தம்பி, சட்டையில் கழுகுச் சின்னம் எங்கே இருக்கிறது என்று பார். எஸ்எஸ் என்றால் இடது மேல்கையில் இருக்கும், ராணுவம் என்றால் வலது மார்பில்.

தம்பி: இடது மார்பில் இருக்கிறதே அண்ணா! கையில் இல்லை.

நான்: இடது மார்பிலா? நன்றாகப் பார்த்துச் சொல்.

தம்பி: சத்தியமாக இடது மார்புதான். வலது மணிக்கட்டுக்கு மேல் ஒரு துணிப்பட்டையும் தைத்திருக்கிறது. அதில் எழுத்து இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை.

நான்: படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டுப் படி.

தம்பி: (திருப்பிய படம்) ஆஃப்ரிகா! இரண்டு பக்கமும் பனைமரம் மாதிரி ஒன்று!

நான்: அப்படியானால் பிரிண்ட் போட்டவர் நெகடிவைப் புரட்டி வைத்துவிட்டார். இப்போது பாருங்கள், கழுகு வலது மார்புக்கு வந்துவிட்டது, பட்டை இடது கைக்கு வந்துவிட்டது, சட்டைப் பொத்தான்கூட ஆண்கள் போடும் பக்கம். மாமா, உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைத்துவிட்டது. ஆப்பிரிக்காவில் சண்டையிட்டவர்களுக்கான இந்தப் பட்டையை அறிவித்ததே 1943 ஜனவரியில்தான். மே 13 அன்று அங்கே போர் முடிந்தது. படம் அந்த நான்கு மாதத்துக்குள் எடுத்தது. தாத்தா போட்ட தேதியை நம்பலாம்.

பெரியப்பா: இவ்வளவு நேரம் நீங்கள் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் இரண்டு கோடுதான் இருக்கிறது.

நான்: அப்படியானால் நாயக், பெரியப்பா. ஹவில்தாருக்கு மூன்று.

பெரியப்பா: எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அவர் ஹவில்தார்தான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரு, பீரோவில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

பெரியப்பா: இருக்கிறது. 12வது ஃபீல்டு கம்பெனி, மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் படை. ஹவில்தார் ஆனது 1944இல். இந்தப் படத்தில் நிற்கும்போது அவருக்கு 23 வயது. இந்த வயதில் அப்பாவை நான் பார்த்ததே இல்லை.

அத்தை: எனக்கும் கண் கலங்கிவிட்டது அண்ணா. திருப்பிய படத்தில்தான் அப்பா வகிடு சரியான பக்கம் இருக்கிறது. எதுவோ இடிக்கிறதே என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா: சரி, கீழே என்ன எழுதுவது? கடைக்காரர் போன் செய்துவிட்டார்.

நான்: தாத்தா பெயரை முதலில் போடுங்கள் அத்தை. அதன் கீழே 'நாயக், 12வது ஃபீல்டு கம்பெனி, மெட்ராஸ் சாப்பர்ஸ். டூனிஸ், மே 1943'. அடுத்த வரியில் 'கைதான ஜெர்மன் டாங்க் படை கேப்டன் ஒருவருடன்'. அவ்வளவு போதும்.

அத்தை: அனுப்பிவிட்டேன். திருப்பிய படத்தைத்தான் பிரிண்ட் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா: எனக்கும் ஒரு காப்பி போடச் சொல்லம்மா. பின்பக்கத்துக் கையெழுத்தையும் சேர்த்து.