வக்கீல் ஆபீஸில் வேலை போச்சு, லேபர் ஆபீஸ் போகலாமா?

ஏற்காட்டுக் குளிர்:
அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸில் சில வருடமாக டைப்பிங் வேலை பார்த்தேன். போன வாரம் திடீரென்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளமும் பாக்கி. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறதாமே. அது எனக்குப் பொருந்துமா?

செவ்வாய்ப்பேட்டை மண்டி:
தாராளமாகப் போங்க. வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் இடமும் கடைதான் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. என் கணக்குப்பிள்ளையை நான் இப்படி நிறுத்தினால் சும்மா விடுவார்களா? வக்கீல் மட்டும் ஓசியிலா வாதாடுகிறார்?

பழைய குமாஸ்தா:
மண்டி அண்ணா கேட்பது நியாயம்தான், ஆனால் செல்லாது. கேரளத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனார். சசிதரன் எதிர் பீட்டர் அன்ட் கருணாகர், 1984. வக்கீல் அலுவலகம் கடையும் அல்ல, வணிக நிறுவனமும் அல்ல என்று தீர்ப்பு. கட்சிக்காரரை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்கவில்லை.

இத்தனைக்கும் கேரளச் சட்டத்தில், முக்கியமாக அலுவலக வேலை நடக்கும் நிறுவனமும் வணிக நிறுவனம் என்று ஒரு வரி உண்டு. அதிலேயே வக்கீல்கள் சிக்கவில்லை. நம் சட்டத்தில் அந்த வரியே கிடையாது. விளம்பரம், கமிஷன் ஏஜென்சி, வங்கி, இன்சூரன்ஸ், தரகர் அலுவலகம் என்று போகிறது பட்டியல். அரசு அறிவிக்கை போட்டு வேறு நிறுவனத்தைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். நீங்கள் 41இல் போனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

சம்பளப் பாக்கி வேறு விஷயம்மா. பேசிய சம்பளத்தைக் கேட்க இந்தச் சட்டமே தேவையில்லை. முதலில் நோட்டீஸ், அப்புறம் சிவில் கோர்ட். பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சம்பளம் கையிலா, பேங்கிலா?

ஏற்காட்டுக் குளிர்:
ஜிபே. ஸ்டேட்மென்ட் இருக்கிறது, நியமனக் கடிதம் இல்லை. ஆனால் ஒரு வக்கீலுக்கு எதிராக நோட்டீஸ் அனுப்ப இந்த ஊரில் எந்த வக்கீல் வருவார்?

பழைய குமாஸ்தா:
குமாஸ்தாவுக்கு நியமனக் கடிதம் கொடுத்த வக்கீலை நான் பார்த்ததே இல்லை! கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்கவும் அங்கே மனு கொடுக்கலாம்.

ஸ்டேட்மென்ட், வேலை சொல்லி வந்த வாட்ஸ்அப் மெசேஜ் போதும். சாட்சிக்கு ஆகுமே என்று கட்சிக்காரர் ஃபைல் எதையும் எடுத்துப் போகாதீர்கள், அது உங்கள் மேலேயே திரும்பும்.